வஸ்தாது, மாஸ்டர், 'சர்': பம்பாயில் உடற்பயிற்சி ஆசானைத் தேர்ந்த வரலாறு



"உடற்பயிற்சிக்குத் தனிப் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ள நினைக்கிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது?" என்று செம்பூரில் வசிக்கும் முதுகலை மாணவி ஒருவர் அண்மையில் கேட்டார். மொழியியல் படித்தவரிடம் கேட்கத்தக்க கேள்வியன்று. ஆயினும் அதற்குரிய சொற்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தபோது, இந்தக் கேள்வியே புதியது என்பது புலப்பட்டது. 'தேர்ந்தெடுத்தல்' என்னும் வினைக்கு எழுவாய் மாறியிருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்னர் ஆசான் மாணவனைத் தேர்ந்தார். இன்று மாணவர் ஆசானைத் தேர்கிறார். இந்த மாற்றத்தில் நாம் பெற்றது பெரிது. இழந்ததும் ஒன்றுண்டு, அது என்ன என்பதைப் பற்றியே இப்பதிவு.

முதலில் சொற்கள். உடற்பயிற்சி சொல்லித் தருபவருக்குத் தமிழ் வைத்த பெயர்களுள் 'வஸ்தாது' பாரசீக 'உஸ்தாத்' என்பதன் திரிபு. மராத்தியிலும் மல்யுத்த ஆசான் 'வஸ்தாத்' தான். சொல்லின் முதலில் உகரம் வகரமாகிய திரிபு இரு மொழிகளிலும் ஒன்றுபோலிருப்பதால், இச்சொல் மராத்தி வழியாகவோ தக்கனி உருது வழியாகவோ நம்மிடம் வந்தது எனக் கருதுகிறேன். தஞ்சையில் மராத்தியர் ஆட்சி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை நீடித்ததை இங்கு நினைவிற்கொள்ளலாம். நாம் எடுக்கும் 'பஸ்கி'யையும் மராத்தியில் உட்காருதலைக் குறிக்கும் 'பஸ்' என்னும் வேரோடு இணைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 'பயில்வான்' இன்னும் சுவையானது. அது பாரசீக 'பஹ்லவான்'. ஆனால் தமிழ்க்காது அதைப் 'பயில்' என்னும் தன் வேர்ச்சொல்லாகவே கேட்டுவிட்டது: பயில்பவன் எவனோ அவன் பயில்வான். வேற்றுமொழிச் சொல்லுக்கு இத்தனை பொருத்தமான பொய்ப்பிறப்பு வாய்ப்பது அரிது. 'வாத்தியார்' என்பதோ 'உபாத்தியாயர்' தேய்ந்து வந்தது. ஏடு சொல்லித் தருபவருக்கும் சிலம்பம் சொல்லித் தருபவருக்கும் அந்த ஒரே பெயர் நின்றது.

இச்சொற்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுமை உண்டு. அவை ஆசானின் நிலையைச் சுட்டுகின்றன. கூலி பெற்றுச் செய்யும் சேவையைச் சுட்டவில்லை. பயிற்சி நடக்கும் இடத்தின் பெயரும் அவ்வாறே. மராத்தியில் மல்யுத்தக் கூடத்தைத் 'தாலீம்' என்பர். அரபு மொழியில் அதற்குக் 'கற்பித்தல்' என்று பொருள். இன்று நாம் சொல்லும் 'ஜிம்' கிரேக்கத்தில் ஆடையற்ற உடலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ஒரு பெயர் கற்பித்தலை முன்னிறுத்துகிறது, மற்றது உடலை.

பம்பாயின் பருத்தியாலைப் பகுதியான கிரண்காவில் தாலீம்களும் அகாடாக்களும் தெருவின் நிறுவனங்களாக இருந்தன. ஆலைத் தொழிலாளரின் வாழ்வை ஆராய்ந்த ராஜ்நாராயண் சந்தாவர்க்கர், இக்கூடங்கள் பேட்டைத் தலைமையோடும் 'தாதா'க்களின் செல்வாக்கோடும் எவ்வாறு பிணைந்திருந்தன என்பதை எழுதியுள்ளார். மாதக் கட்டணம் செலுத்தி உள்ளே நுழையும் இடமல்ல அது. யாரேனும் அழைத்து வர வேண்டும்; வஸ்தாத் இசைய வேண்டும். நுழைந்தபின் முதல் வேலை மண்ணைக் கொத்துவது. மல்யுத்தக் குழியின் மண்ணில் மோர், எண்ணெய், மஞ்சள் முதலியன கலந்து பதப்படுத்துவர். அதைக் கொத்திப் புரட்டும் பணி புதியவனுடையது. இதைப் பணிவுக்கான சடங்கு என்றே பலரும் விளக்குவர். என் வாசிப்பு சற்று வேறு. அரைமணி நேரம் மண்வெட்டி பிடிக்கும் பையனைத் திண்ணையிலிருந்து பார்க்கும் வஸ்தாத், அவன் மூச்சு எங்கே முட்டுகிறது, எந்தத் தோள் தாழ்கிறது, முதுகு எப்போது வளைகிறது என்பதை எல்லாம் கண்டுவிடுவார். இன்றைய மொழியில் சொன்னால் அது உடல்தகுதி மதிப்பீடு. காசி நகர் அகாடாக்களை ஆராய்ந்து ஜோசப் ஆல்டர் 1992இல் வெளியிட்ட நூலிலும், யாருக்கு எத்தனை தண்டால், எவ்வளவு பால் என்பதில் குருவின் கண்ணுக்கு இருந்த இடம் விரிவாகப் பதிவாகியுள்ளது.

ஆளுக்கேற்ற பயிற்சி என்பது மேற்கிலிருந்து வந்த கருத்தன்று என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் மல்லர்களை வயது, உடலளவு, வலிமை ஆகியவற்றால் வகைப்படுத்தி, அவர்களுக்குரிய உணவையும் பயிற்சியையும் கூறுகிறது. அதற்கும் முற்பட்ட சுசுருத சங்கிதை, தன் வலிமையில் பாதியளவே உடற்பயிற்சி செய்க, மிஞ்சினால் கேடு என்கிறது. 'இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு' என்று கத்தும் பயிற்சியாளர்கள் அவ்வரியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனி, அந்தத் திண்ணையின் மறுபக்கம். அங்கிருந்து மதிப்பிடப்படும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது? பெண்ணுக்கு இல்லை, பிரம்மசரியத்தையும் அனுமனையும் நடுவில் வைத்த அகாடா அவளை வாயிலிலேயே நிறுத்தியது. சாதியைப் பொறுத்தவரை, குழியின் மண் எல்லாரையும் ஒன்றாக்கும் என்ற பேச்சு அகாடாக்களில் எப்போதும் உண்டு. அதற்கு அழகிய சான்றுகளும் உண்டு: பரோடாவில் ஜும்மா தாதா என்ற இசுலாமிய உஸ்தாதின் பெயரால் வியாயாம் மந்திர் நடத்தியவர் அவருடைய இந்து மாணவர் மாணிக்ராவ். ஆயினும் பேட்டையும் சாதியும் மொழியும் ஒன்றோடொன்று ஒட்டியே குடியமர்ந்த பம்பாயில், தெருவின் கூடம் தெருவின் ஆட்களுக்கே என்பதை மறைக்கத் தேவையில்லை.

தமிழர் குடியிருப்புகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் தோல் பதனிடும் கூடங்களை நிறுவினர். அவற்றில் உழைக்க ஆதிதிராவிட மக்கள் பெருந்தொகையாக வந்தனர். மாட்டுங்காவோ 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் உருவான நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த புதிய பகுதி. எழுத்தரும் தட்டச்சரும் கணக்கருமாக வந்த தென்னிந்தியர் அங்கே 1923இல் ஆஸ்திக சமாஜத்தையும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் உருவாக்கினர். செம்பூரின் வளர்ச்சி பிற்பட்டது. 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் வந்தது அதற்கு ஒரு காரணம். ஒருவன் உடலால் உழைக்கிறான். மற்றவன் நாற்காலியில் உழைக்கிறான். இருவருக்கும் 'உடற்பயிற்சித் தேவை' ஒன்றாக இருக்க முடியுமா?

இதற்கு மறைமுகமான விடை 1953இல் இலண்டனிலிருந்து வந்தது. இரட்டைத்தளப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஆராய்ந்த ஜெரமி மோரிஸ், நாள்முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநரைக் காட்டிலும் படியேறி இறங்கிய நடத்துநருக்கு மாரடைப்பு குறைவு எனக் காட்டினார். பம்பாயில் 1937 முதலே இரட்டைத்தளப் பேருந்துகள் ஓடின. மாட்டுங்காவின் எழுத்தர் அவற்றில் அமர்ந்தே அலுவலகம் சென்றார். ஆனால் இதிலிருந்து தாராவித் தொழிலாளிக்கு உடற்பயிற்சி வேண்டாம் என முடிவுகட்டுவது தவறு. ஈரத்தோலைத் தூக்கும் உடல் ஒரே தசையை ஒரே கோணத்தில் பல்லாயிரம் முறை இயக்குகிறது. அதற்கு வேண்டியது மேலும் சுமையன்று. இளக்கமும், எதிர்த்தசைக்கு வலுவும், ஓய்வும். நாள் முழுதும் நின்றோ சுமந்தோ உழைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குக் கூடத்துக்கு வருபவரிடம் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்காத பயிற்சியாளர், அவருடைய நாளின் பத்து மணி நேரத்தைக் கணக்கில் கொள்ளாமலே பயிற்சியைத் தொடங்குகிறார்.

ஆசான் மாணவனை நேரில் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம் எப்போது வந்தது? 1904–05இல் யூஜின் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார், பம்பாயிலும் தோன்றினார். அவர் விற்றது வலிமையை மட்டுமன்று. நூல், கருவி, அஞ்சல்வழிப் பாடம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் புகைப்படம். தென்னிந்தியாவில் அந்த வழியை எடுத்துக்கொண்டு தன் போக்கில் வளர்த்தவர் பெங்களூரின் கே. வி. ஐயர். தம் கூடத்துக்கு ஹெர்குலிஸ் எனப் பெயரிட்டார். பளுதூக்கலையும் ஆசனங்களையும் சேர்த்துக் கற்பித்தார். அஞ்சல்வழிப் பாடம் நடத்தினார். கிரேக்கச் சிலை போல் நின்று படம் எடுத்துக்கொண்டார். இங்கேதான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை ஆசானுக்குச் சான்று அவருடைய மாணவர்கள்: இன்னாரை உருவாக்கியவர் இன்னார் என்ற பேச்சு. இப்போது ஆசானின் உடலே அவருக்குச் சான்றாயிற்று. அறிவுள்ள ஐயருக்கு அது பொருந்தியது என்பதற்காக, நல்ல உடல் உடையவரெல்லாம் நல்ல ஆசான் ஆகிவிட முடியாது. இளமையும் பிறவி வாகும் நேரமும் கூடி ஒருவருக்குத் தந்ததை, நாற்பத்தைந்து வயதில் முழங்கால் தேய்ந்த இன்னொருவருக்குக் கற்றுத்தரும் திறன் அந்தப் புகைப்படத்தில் தெரியாது. இன்ஸ்டாகிராமில் 'முன்–பின்' படங்களை வைத்துப் பயிற்சியாளரைத் தேடுவோர் 1905இல் விற்ற அதே நுழைவுச்சீட்டைத்தான் வாங்குகிறார்கள்.

சான்றிதழ் மற்றொரு வழியில் வந்தது. பள்ளிகளில் 'டிரில்' நடத்தியவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற படைவீரர்களாக இருந்த காலத்தில், ஹெச். சி. பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பம்பாய் மாகாண அரசு 1938இல் காந்திவலியில் தன் பயிற்சி நிறுவனத்தை அமைத்தது. உடற்கூறும் உடலியங்கியலும் படித்த ஆசான் அவ்வாறு தோன்றினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அவர் 'டிரில் மாஸ்டர்', பின்னர் 'பி.டி. மாஸ்டர்'. இந்த 'பி.டி.' என்னும் இரண்டெழுத்தைக் கவனியுங்கள். பள்ளியில் அதன் பொருள் நாற்பது பேர் வரிசையில் நின்று ஒரே அசைவைச் செய்வது. இன்று மும்பையின் எந்த ஜிம்மிலும் 'பி.டி.' என்றால் ஒருவருக்கு ஒருவர் என்ற தனிப்பயிற்சி. எழுத்து மாறவில்லை, பொருள் நேரெதிர். ஆனால் நடைமுறை அத்தனை எளிதில் மாறிவிடவில்லை. தனிப்பயிற்சி என்ற பெயரில் எல்லாருக்கும் ஒரே அட்டையை நகலெடுத்து நீட்டும் கூடங்கள் உள்ளவரை, பழைய 'பி.டி.' உயிரோடுதான் இருக்கிறது.

1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியருக்கு எதிரான பரப்புரை தெருவுக்கு வந்தபின், மராத்தி இளைஞரின் வியாயாம் சாலைகள் பலவும் அதன் கிளைகளோடு நெருங்கின. எந்தக் கூடத்தில் நுழைவது என்பது அப்போது ஒரு தமிழ் இளைஞனுக்கு உடல்நலம் மட்டும் சார்ந்த முடிவாக இருந்திருக்க இயலாது. 1982 சனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் சாய்ந்தன. அவற்றை நம்பியிருந்த தாலீம்களும் தேய்ந்தன. 1991க்குப் பிறகு கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் கொண்ட ஜிம்கள் பெருகின. அங்கே வஸ்தாத் இல்லை; 'சர்' இருக்கிறார். சிவாஜி பூங்காவில் கிரிக்கெட் கற்பித்த ரமாகாந்த் ஆச்ரேகரை நகரம் முழுதும் 'ஆச்ரேகர் சர்' என்றே அழைத்தது போல, மும்பையில் இச்சொல்லில் மரியாதையும் உரிமையும் கலந்திருக்கும். ஆனால் ஜிம்மில் கட்டணம் கட்டியவர் சொல்லும் 'சர்' வேறு வகை. மாதம் முடிந்தால் அந்தச் 'சர்' மாறிவிடுவார்.

இந்தப் புதிய வாயிலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தாராவித் தோல் தொழிலாளியின் மகளும் மாட்டுங்காவின் ஓய்வுபெற்ற ஆசிரியையும் யாருடைய இசைவும் வேண்டாமல் உள்ளே செல்ல முடிவது, எந்தத் தாலீமும் தராத உரிமை. சிக்கல் வேறோர் இடத்தில். முன்பு ஆசான் பார்த்துவந்த மதிப்பீட்டு வேலை இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற சட்டப்பூர்வப் பதிவு மன்றம் இந்நாட்டில் உடற்பயிற்சியாளருக்கு இல்லை. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்கீழ் இப்பணிக்குத் தரநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1975 முதல் சான்றிதழ் வழங்கிவருகிறது. சான்றிதழைக் கேளுங்கள்; வழங்கிய அமைப்பின் தளத்தில் அது இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். ஆனால் சான்றிதழ் அவர் என்ன படித்தார் என்பதைச் சொல்லும். உங்களைப் படிப்பாரா என்பதைச் சொல்லாது.

அதை அறிய முதல் நாளே போதும். 1970களில் கனடாவில் உருவான ஒரு வினாப்பட்டியல் உண்டு, ஏழே வினாக்கள். இதயக் கோளாறு உண்டா, உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பிலோ மூட்டிலோ தொல்லையா, இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்கிறீர்களா என அது கேட்கும். இவற்றைக் கேட்காமல் கட்டணத் திட்டத்தையும் புரத மாவையும் முதலில் எடுத்து வைப்பவரிடமிருந்து விடைபெற்றுக்கொள்ளலாம். நம்மவருக்கு இன்னொரு கேள்வியும் தேவை: குடும்பத்தில் நீரிழிவு உண்டா? புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனின் ஜான் யூட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் உடல்நிறைக் குறியெண் 22.3. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. "நீங்கள் ஒல்லிதானே, எடையைக் கூட்டுவோம்" என்று கண்ணளவில் தீர்ப்புரைக்கும் பயிற்சியாளருக்கு அந்த ஒரு பக்கக் கட்டுரை போதிய பாடம்.

எனினும், மும்பைத் தமிழரைப் பொறுத்தவரை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது மொழியை. இது என் துறைப்பற்று எனத் தோன்றலாம். காரணத்தைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

1975இல் ரொனால்டு மெல்சாக் மெக்கில் வலி வினாப்பட்டியலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் வலியை விவரிக்கும் 78 சொற்கள், 20 தொகுதிகள். வலி என்பது அளவு மட்டுமன்று, அதற்கு வகை உண்டு, அவ்வகையை நோயாளி பயன்படுத்தும் சொல்லே காட்டும் என்பது அதன் அடிப்படை. இப்போது தமிழை எண்ணிப் பாருங்கள். கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, எரிச்சல், அசதி, மரத்துப்போதல், சுண்டி இழுத்தல், விண்விண்ணென்று தெறித்தல். இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. நெடுநேரம் நின்றால் கால் கடுக்கும், மூட்டுக்குள் இருப்பது குடையும், முதுகு பிடித்துக்கொள்ளும். 'கால் உளையுது' என்று தென்மாவட்டத்து மூதாட்டி சொல்லும்போது அவர் குறிப்பது காயத்தையன்று, ஓய்வு கேட்கும் தசையை.

பயிற்சியாளருக்கு இந்த வேறுபாடுதான் உயிர்நாடி. புதிய பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் கழித்து வரும் தசை உளைச்சல் இயல்பானது, தானே தணியும். பளு தூக்கும் நொடியில் மூட்டில் குத்துவதோ, இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுப்பதோ, விரல் மரத்துப்போவதோ உடனே நிறுத்த வேண்டியவை. தமிழில் இவற்றுக்கு வெவ்வேறு வினைகள் ஆயத்தமாக உள்ளன. மும்பைச் சந்தை இந்திக்குள் நுழைந்ததும் அனைத்தும் 'தர்த்' ஆகின்றன, அல்லது 'துக்தா ஹை'. இலக்கிய இந்தியில் 'டீஸ்', 'சுபன்' போன்ற நுண்சொற்கள் உண்டு. மராத்தியில் முதுகுப் பிடிப்புக்குச் 'சமக்' என்ற நல்ல சொல் உண்டு. ஆனால் இரண்டாம் மொழியில் பேசுபவருக்கு அச்சொற்கள் அவசரத்தில் வாயில் வருவதில்லை. "தர்த் ஹோதா ஹை, சர்" என்று அவர் சொல்ல, "தர்த் நஹீ தோ ஃபாய்தா நஹீ" என்று 'சர்' சிரித்து இன்னும் இரண்டு எடுக்கச் சொல்ல, சுண்டி இழுத்த நரம்பு தசை உளைச்சலின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. இருவருமே பொய் சொல்லவில்லை.

ஆகவே மாணவிக்கு நான் எழுதிய விடை இவ்வளவே. தமிழ் தெரிந்த பயிற்சியாளர் செம்பூரில் கிடைத்தால் நன்று, கிடைக்காவிட்டால், வலிக்கிறது என்று சொன்னதும் "எங்கே? எப்படி? எப்போதிலிருந்து?" என மூன்று கேள்வி கேட்பவரைப் பாருங்கள். பணம் கட்டுமுன் அவர் வேறொருவருக்குக் கற்பிப்பதை ஒருமணி நேரம் ஓரமாக நின்று கவனியுங்கள். அவர் கண் மாணவரின் முதுகில் இருக்கிறதா, கைப்பேசியில் இருக்கிறதா என்பதும், இயலாது என்று மாணவர் சொன்னால் மாற்றுப் பயிற்சி ஒன்றைத் தருகிறாரா என்பதும் அந்த ஒருமணி நேரத்தில் தெரிந்துவிடும். தாயார்க்கென்று தேடுவதானால் அவரையும் உடன் அழைத்துச் சென்று, அவரே தம் சொற்களில் தம் முழங்காலைப் பற்றிப் பேசட்டும். நீங்கள் மொழிபெயர்க்க அவசரப்பட வேண்டாம்.

தாராவி, சயான், மாட்டுங்காப் பகுதிகளில் வாழும் தமிழரிடையே வழங்கும் வலிச்சொற்களைத் தொகுத்து வருகிறேன். 'குடைச்சல்', 'உளைச்சல்' இரண்டின் எல்லை திருநெல்வேலியாருக்கும் வடஆர்க்காட்டாருக்கும் வேறுபடுவதாகத் தெரிகிறது. உங்கள் வீட்டில் முழங்காலுக்கு ஒரு சொல்லும் தோளுக்கு வேறொரு சொல்லும் வழங்கினால், ஊர்ப்பெயரோடும் சொன்னவரின் வயதோடும் எழுதி உதவுங்கள்.